சென்னைப் புழுக்கத்தில் தோல் பைக்கு எந்தக் கண்டிஷனர் போடுவது?

கயல்_திருவான்மியூர்
எல்லோருக்கும் வணக்கம். ஆபீஸுக்கு எடுத்துப்போக ஒரு தோல் பை வாங்கியிருக்கிறேன். வெஜ் டான் (மரப்பட்டை, காய்ச் சாற்றில் பதனிட்டது), சாயம் ஏற்றாதது, இளம் பிஸ்கட் நிறம். கடைக்காரர் "மாசம் ஒரு தடவை கண்டிஷனர் போடுங்க மேடம், இல்லன்னா வெடிச்சிடும்" என்றார். இணையத்தில் தேடினால் மூன்று வகை கண்ணில் படுகிறது: நீட்ஸ்ஃபுட் ஆயில், தேன்மெழுகு கலந்த பாம் (கெட்டிக் களிம்பு), பால் மாதிரி ஒரு லோஷன். மூன்றுக்கும் ஐந்து நட்சத்திரம்தான்.

வீட்டில் இதோடு என் கணவரின் கறுப்பு ஷூ, அப்பா கொடுத்த பழைய பிரவுன் பெல்ட், காலரில் உரிய ஆரம்பித்துவிட்ட ஒரு ஜாக்கெட் எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பாட்டில்தான் வாங்குவதாக உத்தேசம். எதை வாங்க?

தேங்காய்ச்சில்லு
ஒன்றும் வாங்காதீர்கள். சமையலறையில் தேங்காய் எண்ணெய் இருக்கிறதல்லவா? நாலு சொட்டு விட்டுத் தேய்த்தால் முடிந்தது. எங்கள் தாத்தா தோல் செருப்புக்கு வேறு எதுவும் போட்டதில்லை. ஊர் முழுக்க அப்படித்தான். இந்தக் கண்டிஷனர் எல்லாம் நேற்று வந்த வியாபாரம்.

ஆம்பூர்_ஃபினிஷிங்
கயல் மேடம், பாட்டிலைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் பொருளுக்கு மேலே என்ன பூசியிருக்கிறது என்று பாருங்கள். நான் தோல் ஃபினிஷிங்கில், அதாவது பதனிட்ட தோலுக்கு மேல்பூச்சு கொடுக்கும் பிரிவில், வேலை பார்க்கிறவன். எங்களிடம் வரும் கேள்விகளில் பாதி, கண்டிஷனரே தேவைப்படாத பொருளைப் பற்றித்தான்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். பையின் மடிப்புக்கு உள்பக்கம், பெல்ட்டின் பக்கிளுக்குப் பின்னால் என்று வெளியே தெரியாத இடமாகப் பார்த்து, விரல் நுனியால் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். ஒரு நிமிடம் சும்மா இருங்கள். சொட்டு முத்தாக நின்றால் மேலே பிக்மென்டும் (நிறப்பொடி) ரெசினும் (பிசின்) ஸ்ப்ரே அடித்து மூடிய தோல். நீங்கள் தடவும் எண்ணெய் அந்த மூடியைத் தாண்டிப் போகாது. சொட்டைச் சுற்றிக் கருத்து, மெதுவாக உள்ளே இறங்கினால் திறந்த தோல். கண்டிஷனர் வேலை செய்வதும் இதில்தான், கெடுதல் செய்வதும் இதில்தான். வெட்டு விளிம்பையும் பாருங்கள். நாராகத் தெரிந்தால் தோல். அடியில் துணி நெசவு தெரிந்தால் அது ரெக்ஸின் வகை.

நான்கையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். பைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: சாயம் ஏற்றாத வெஜ் டானில் தண்ணீர்ச் சொட்டே தடம் விடும். மறைவான இடத்தில் மட்டும்.

கயல்_திருவான்மியூர்
பார்த்துவிட்டேன் சார்.

பை: சொட்டு வைத்த உடனே கருத்தது, உறிஞ்சிக்கொண்டது. காய்ந்த பிறகும் மெல்லிய வளையம் தெரிகிறது. (நல்லவேளை, உள் மடிப்பு.)
ஷூ: முத்தாக நின்றது. ஊதினால் உருண்டு ஓடியது.
பெல்ட்: கொஞ்ச நேரம் நின்று அப்புறம் பாதி இறங்கியது. மடங்கும் இடங்களில் மட்டும் சீக்கிரம் இறங்குகிறது.
ஜாக்கெட்: உரிந்த இடத்தில் அடியில் வலைத்துணி தெரிகிறது. இதை எனக்கு "லெதர்" என்று சொல்லித்தான் விற்றார்கள்!

புல்லட்_பாண்டி
ஜாக்கெட்டுக்கு ஆழ்ந்த அனுதாபம் சகோ. அது துணிமேல் பாலியூரிதேன் பூசினது. ஈரக்காற்றில் அந்தப் பூச்சே சிதையும். வேதியியலில் நீராற்பகுப்பு என்பார்கள். அலமாரியில் சும்மா தொங்கவிட்டாலும் உரியும். உலகத்தில் எந்தக் க்ரீமும் அதை ஒட்டவைக்காது. காசைச் செலவழிக்காதீர்கள்.

நிஜத் தோல் ரைடிங் ஜாக்கெட் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரும்பாலானவை மேலே கோட்டிங் உள்ளவைதான். அதற்கு எதிரி வறட்சி இல்லை, வியர்வை உப்பு. ரைடு முடிந்ததும் ஈரத்துணியால் காலர், அக்குள், மணிக்கட்டுப் பக்கம் துடைத்து, அகலமான ஹேங்கரில் காற்றாட விட்டாலே போதும். இதைச் செய்யாமல் உப்புக்கு மேலேயே கண்டிஷனர் பூசுகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

ஆம்பூர்_ஃபினிஷிங்
பாண்டி சொன்னது சரி. மற்ற மூன்றுக்கு வருகிறேன்.

ஷூ குரோம் டான் தோல். குரோமியம் உப்பில் பதனிட்டு வரும்போது அது வெளிர்நீலமாக இருக்கும். நாங்கள் வெட் புளூ என்போம். அதற்கு அப்புறம் மறுபதனிடல், சாயம், பிறகு ஃபேட் லிக்கர். தண்ணீரில் கலக்கும்படி செய்த எண்ணெயை டிரம்மில் போட்டுச் சுழற்றுவோம். எண்ணெய் ஒவ்வொரு நாருக்கும் இடையில் போய் உட்காரும். நார்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்குவதால்தான் தோல் வளைகிறது. அப்படி உள்ளே போன எண்ணெய் மாதாமாதம் ஆவியாகிப் போய்விடாது. அதனால் "தோல் தாகமாக இருக்கிறது, மாதம் ஒரு முறை ஊட்டுங்கள்" என்பது பாட்டில் விற்கிறவர்களின் பேச்சு. உங்கள் ஷூவுக்கு வேண்டியது தூசி தட்டுவது, ஈரத்துணி, அப்புறம் கறுப்பு க்ரீம் பாலிஷ். அந்த க்ரீமில் இருக்கும் மெழுகும் கொஞ்சம் எண்ணெயுமே அதற்குப் போதும்.

பெல்ட்டில் மடிப்புகளில் ஃபினிஷ் விட்டுப்போயிருக்கிறது. அங்கே லேசாகக் கண்டிஷனர் எடுக்கும், வளைவு கொஞ்சம் மென்மையாகும். ஆனால் விரிசல் விழுந்திருந்தால் அது நார் அறுந்தது. அறுந்த நாரை எண்ணெய் ஒட்டவைக்காது. பார்வைக்குக் கறுத்து மறையும், அவ்வளவுதான்.

பைதான் நிஜமான கேள்வி. திறந்த வெஜ் டான், அதுவும் கடற்கரைப் பக்கம். இதற்கு நான் நீட்ஸ்ஃபுட் ஆயில் சொல்லமாட்டேன். மாட்டின் கால் எலும்பிலிருந்தும் பாதப் பகுதியிலிருந்தும் எடுப்பது அது. பாயா ஆறும்போது மேலே மிதக்குமே, அதன் வடிகட்டிய வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிரிலும் உறையாது, ஆழமாக இறங்கும். குதிரைச் சேணம், தடித்த வார் போன்றவற்றுக்கு அருமையான பொருள். உங்கள் பிஸ்கட் நிறப் பையில் விட்டால் ஒரே நாளில் பெல்ட் நிறத்துக்கு வந்துவிடும், திரும்பாது. கடையில் "காம்பவுண்ட்" என்று போட்டிருந்தால் பெட்ரோலிய எண்ணெயோ வேறு கொழுப்போ கலந்தது என்று அர்த்தம். அது வேறு கணக்கு.

கயல்_திருவான்மியூர்
பாயாவா! என் மாமியார் காதில் விழுந்தால் அந்தப் பாட்டில் வீட்டுக்குள்ளேயே வராது. 😄

தேங்காய்ச்சில்லு
இவ்வளவு படித்தவர்கள் பேசும்போது நான் குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். ஆனால் தேங்காய் எண்ணெய் ஏன் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. மாட்டுக்கொழுப்பை விடச் சுத்தம், சிக்கிப் போகாது, விலை குறைவு.

ஆம்பூர்_ஃபினிஷிங்
அண்ணே, நியாயமான கேள்வி. சிக்குவாடை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான். நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெயை விடத் தேங்காய் எண்ணெய் மெதுவாகத்தான் கெடும், அதில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். தாத்தா செருப்பு விஷயமும் உண்மை. அது மேலே பூச்சே இல்லாத தடித்த நாட்டுத்தோல். தினமும் மண்ணில் உரசி, ஆற்றில் நனைந்து, வெயிலில் காய்ந்தது. கூடுதல் எண்ணெய் தங்க வழியே இல்லை. கோலாப்பூரிச் செருப்புக்கு விளக்கெண்ணெய் போடுகிறவர்களும் இதே கணக்கில்தான் போடுகிறார்கள்.

பை அப்படி இல்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறைகிற பொருள். வெளியே 34ல் ஓடும். ஆபீஸ் ஏசியை 22ல் வைத்தால் மேற்பரப்பில் வெள்ளையாகப் படியும். மதியம் வெளியே வந்தால் மறுபடி உருகி உள்ளே நகரும், வெளியேயும் நகரும். தோளில் மாட்டினால் சுடிதாரில் எண்ணெய்க்கறை. தோல் கெடுகிறதா என்றால் உடனே கெடாது. துணி கெடும், நிறம் திட்டுத்திட்டாகப் போகும்.

தேங்காய்ச்சில்லு
ஏசியில் இருந்தால்தானே? என் செருப்புக்கு ஏசி கிடையாது. 😏 சரி, பைக்கு வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். செருப்புக்கு நான் மாறப்போவதில்லை.

ஷூ_பித்தன்_பெங்களூரு
பிராண்டு பற்றி யாரும் பேசவில்லையே, நான் ஆரம்பிக்கிறேன். ஷூ சேர்ப்பவன், அலமாரி முழுக்க டப்பாக்கள்.

பிக் 4: அமெரிக்கச் சரக்கு, பால் போன்ற லோஷன். வெளிர்நிறத் தோலைப் பெரிதாகக் கருக்காது என்பதற்காகவே எல்லோரும் தேடி வாங்குவது. பிசுபிசுப்பு விடாது. கயல், உங்கள் பைக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

சஃபீர் ரெனோவாத்தர்: பிரெஞ்சு. மிங்க் ஆயில் (மிங்க் என்ற சிறு விலங்கின் கொழுப்பு) கலந்த க்ரீம். பாலிஷ் ஏறக்கூடிய டிரஸ் ஷூவுக்கு அழகு. விலையைக் கேட்டால் ஷூவைப் போடவே மனசு வராது. பட்டாணி அளவு போதும் என்பதால் ஒரு டப்பா ஆண்டுக்கணக்கில் வரும்.

ஓபெனாஃப்ஸ்: தேன்மெழுகு தூக்கலாக இருக்கும் கெட்டி பாம். அமெரிக்காவில் காட்டுத்தீ அணைப்பவர்களின் பூட்ஸை மனதில் வைத்துச் செய்தது. பூட்ஸுக்கு உயிர் கொடுக்கும், பைக்கு வேண்டாம். கருக்கும், மேலே ஒட்டும், தூசியை இழுக்கும்.

அப்புறம் சேடில் சோப். அதைக் கண்டிஷனர் என்று நினைத்து வாங்குகிறார்கள். பேரிலேயே சோப். காரத்தன்மை உள்ளது. பதனிட்ட தோல் அமிலப் பக்கம் இருப்பது. வெஜ் டானில் அடிக்கடி போட்டால் கருத்து விறைக்கும்.

ஆம்பூர்_ஃபினிஷிங்
நல்ல பட்டியல். ஒன்று சேர்க்கிறேன். இழுத்து வளைத்தால் அந்த இடம் மட்டும் வெளுத்து, விரலால் தேய்த்தால் மறையும் வகைத் தோல் உண்டு. புல்-அப் என்போம். உள்ளே எண்ணெயும் மெழுகும் ஏற்கெனவே நிறைய ஏற்றியது. அதற்கு லோஷனைவிட மெழுகு பாம்தான் பொருத்தம். அதையும் கீறல் தேய்த்தும் மறையாத நிலையில் போட்டால் போதும்.

வடமராட்சி_ரொறன்ரோ
நான் எதிர்க்கரையில் இருந்து எழுதுகிறேன். இங்கே கதையே வேறு. குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீற்றர் ஓடினால் காற்றின் ஈரப்பதம் 20, 25 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மேசையில் வைத்த தோல் பை விறைத்து மட்டையாகிவிடும். அதோடு தெருவில் பனி உருக உப்புக் கொட்டுகிறார்கள். சப்பாத்தில் வெள்ளைக் கோடு கோடாகப் படியும். முதலில் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒத்தி எடுத்து, நிழலில் காயவிட்டு, அதற்குப் பிறகுதான் கண்டிஷனர். குளிர் தொடங்கும்போது ஒருமுறை, முடியும்போது ஒருமுறை போடுவது இங்கே நியாயம்.

நீங்கள் இணையத்தில் படிக்கிற "மாதம் ஒருமுறை" எல்லாம் எங்களைப் போன்ற நாடுகளின் ஆட்கள், அல்லது அரிசோனா வெயில்காரர் எழுதியது. கொழும்பில் இருக்கிற என்ர தம்பி அதை வாசித்துவிட்டு தன்ர பைக்கு மாதாமாதம் பூசினான். மழைக்காலத்தில் பை முழுக்கப் பூஞ்சணம்.

கயல்_திருவான்மியூர்
இதைத்தான் யாராவது சொல்லமாட்டார்களா என்று இருந்தேன். பெல்ட்டை அலமாரியில் இருந்து எடுத்தபோது வெள்ளைப் புள்ளிகள். துடைத்தேன், போய்விட்டது. மறுபடி வந்திருக்கிறது. பூஞ்சையா, இல்லை பழைய எண்ணெய் வெளியே வருகிறதா?

ஆம்பூர்_ஃபினிஷிங்
இரண்டும் சாத்தியம், கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. ஹேர் டிரையரை குறைந்த சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடித்து அந்த வெள்ளைமேல் காட்டுங்கள். சில நொடிகளில் உருகிக் காணாமல் போனால் அது கொழுப்பு. தோலுக்குள் இருக்கும் கொழுப்பு அமிலம் மேற்பரப்புக்கு வந்து படிவது. ஃபேட் ஸ்பியூ என்போம். துணியால் துடைத்தால் போதும், தோலுக்கு ஆபத்து இல்லை. சூடு காட்டியும் அப்படியே இருந்து, கிட்டே பார்த்தால் பஞ்சு மாதிரி நுண்ணிழை தெரிந்து, முகர்ந்தால் மழைக்காலத்துப் பழைய அலமாரி வாடை அடித்தால், பூஞ்சைதான்.

பூஞ்சை என்றால் வீட்டுக்குள் தட்டாதீர்கள், வித்து பறக்கும். மாடியில் வைத்து மென்மையான பிரஷ்ஷால் தள்ளுங்கள். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பாதி தண்ணீர் கலந்து, துணியில் நனைத்துப் பிழிந்து துடைக்கலாம். முதலில் மறைவான இடத்தில் சோதியுங்கள், சாயம் கையோடு வரலாம். மின்விசிறிக் காற்றில் காயட்டும். நேர்வெயில் வேண்டாம். அதன்மேல் உடனே கண்டிஷனர் போடாதீர்கள். பூஞ்சைக்கு வேண்டியது ஈரமும் தீனியும். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினாலே அதற்குக் கொண்டாட்டம். சென்னையில் வருஷத்தில் பாதிக்கு மேல் அந்த நிலைதான். கூடவே நீங்கள் எண்ணெயும் ஊட்டினால் விருந்து வைத்ததாகிவிடும்.

நம் ஊருக்கு நான் சொல்வது இதுதான்: கண்டிஷனரைக் குறையுங்கள், காற்றோட்டத்தைக் கூட்டுங்கள்.

மீனா_மணலி
வைக்கும் இடம் பற்றி நானும் சொல்கிறேன். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்கவே கூடாது. பருத்திப் பையோ பழைய தலையணை உறையோ போதும். சுவரை ஒட்டின மர அலமாரியின் கீழ்த்தட்டுதான் எங்கள் வீட்டில் முதலில் பூக்கும். மேல்தட்டுக்கு மாற்றி, நடுவில் இடைவெளி விட்டு வைத்ததில் இருந்து தொல்லை குறைந்தது. சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அது ஈரம் நிரம்பிய பிறகு வெறும் மணல். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது மாற்றுவது என்று தெரியும்.

பழஞ்சுவடி
புத்தக அட்டை விஷயமாக இந்த இழைக்கு வந்தேன். எங்கள் வீட்டில் கொள்ளுத்தாத்தா காலத்துத் தோல் பைண்டிங் சட்டப் புத்தகங்கள் இருக்கின்றன. தொட்டால் கையில் செங்கல் பொடி மாதிரி ஒட்டுகிறது. அதற்கு மேலே சொன்ன லோஷன் ஏதாவது போடலாமா?

ஷூ_பித்தன்_பெங்களூரு
நிறுத்துங்கள், கையை எடுங்கள்! அது ரெட் ராட். நாரே அமிலத்தால் அரித்துப் பொடியாகிவிட்டது. எண்ணெய் விட்டால் பொடி சேறாகி, அட்டை கறுத்து, காகிதத்துக்குள் கறை ஏறும். ஒருகாலத்தில் நூலகங்களே கம்பளிக்கொழுப்பும் தேன்மெழுகும் கலந்து பூசின. பெரிய நூலகங்களின் பாதுகாப்புப் பிரிவுகள் அதைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. இப்போது செய்வது ஹைட்ராக்ஸிபுரோபைல் செல்லுலோஸை ஆல்கஹாலில் கரைத்துப் பூசி, பொடியை இருக்கும் இடத்தில் பிடித்து வைப்பது மட்டும். அதுவும் தெரிந்தவர் கையால். உங்கள் அளவில் அமிலமில்லாத காகிதத்தில் உறை போட்டு வைப்பது போதும்.

பழஞ்சுவடி
நன்றி. தேடிப் படித்ததில் நம் ஊருக்குச் சங்கடமான ஒரு தகவல் கிடைத்தது. புத்தக பைண்டிங் தோல் ஏன் இப்படிச் சீக்கிரம் கெடுகிறது என்று ஆராய 1900ல் லண்டனில் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் ஒரு குழு அமைத்தது. கந்தக அமிலமும் கேஸ் விளக்குப் புகையும் காரணம் என்று சொன்னதோடு, தோல்களிலேயே மோசமானது "கிழக்கிந்திய", அவர்கள் வழக்கில் "பெர்ஷியன்", ஆட்டுத்தோல் என்றும் எழுதினார்கள். அது பெரும்பாலும் மெட்ராஸில் இருந்து போனதுதானே?

ஆம்பூர்_ஃபினிஷிங்
ஆமாம், ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று நாங்கள் சொல்வது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, சென்னைப் பக்கம் எல்லாம் ஆவாரம்பட்டைக் குழியில் பதனிட்டு, கடுக்காய்ச் சாறு கொடுத்து, எண்ணெய் தடவிக் கப்பலேற்றினார்கள். இப்போது ஆவாரம் இடத்தை வாட்டில் என்ற மரத்தின் பட்டைச் சாறு பிடித்துவிட்டது. புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று.

குற்றச்சாட்டு பாதி சரி, பாதி இல்லை. பட்டையிலும் காயிலும் இருந்து தோலைப் பதனிடும் பொருளான டானினில் இரண்டு குடும்பம். ஆவாரம்பட்டை, வாட்டில் எல்லாம் ஒரு பக்கம். அவை வெளிச்சத்தில் சிவக்கும், காற்றில் இருக்கும் கந்தகப் புகையை இழுத்து அமிலமாகப் பிடித்துவைக்கும், நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் ரெட் ராட் வரும். கடுக்காய், சுமாக் என்ற செடியின் இலை மறு பக்கம், நின்று பிடிக்கும். லண்டன்காரர்கள் நிலக்கரிப் புகையிலும் கேஸ் விளக்கிலும் புத்தகத்தை வைத்துவிட்டு நம் தோலைக் குறை சொன்னார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே தோல் ஷூவின் உள்பக்க லைனிங்காக வியர்வையை உறிஞ்சிக்கொண்டு நன்றாகத்தான் உழைத்தது. நூறு வருஷம் நிற்க வேண்டிய வேலைக்கு அதைப் போட்டது அவர்கள் தேர்வு.

கயல் மேடம் பயப்படாதீர்கள், உங்கள் பை உங்கள் பேரப்பிள்ளை காலம் வரை இருந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மிருதங்கம்_ரவி
இடையில் ஒரு சந்தேகம். மிருதங்க வார் காய்ந்து விறைப்பாக இருக்கிறது. இந்தக் கண்டிஷனர் போடலாமா?

ஆம்பூர்_ஃபினிஷிங்
வேண்டவே வேண்டாம். வார் பதனிடாத பச்சைத்தோல். விறைப்புதான் அதன் வேலை. எண்ணெய் ஏறினால் பிடி தளரும், சுருதி நிற்காது. வாத்தியம் செய்கிறவரிடம் கொண்டுபோங்கள்.

கார்_குமரன்
கார் சீட்?

புல்லட்_பாண்டி
தண்ணீர்ச் சொட்டு வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் முத்தாகத்தான் நிற்கும். பலவற்றில் உட்காரும் இடம் மட்டும் தோல், பக்கவாட்டும் பின்புறமும் ரெக்ஸின். ஈரமான மைக்ரோஃபைபர் துணி, வெயிலில் நிறுத்தினால் கண்ணாடிக்கு மறைப்பு, அவ்வளவுதான். பளபளப்பு ஸ்ப்ரே அடித்து சீட்டில் வழுக்கிக்கொண்டு ஓட்டாதீர்கள்.

கயல்_திருவான்மியூர்
நிலவரம்: பெல்ட்டில் ஹேர் டிரையர் காட்டினேன். பக்கிள் பக்கம் இருந்தது உருகி மறைந்தது. துளைகளைச் சுற்றி இருந்தது அசையவே இல்லை. ஆக இரண்டுமே! மாடியில் வைத்துத் துடைத்துக் காயவைத்திருக்கிறேன். ஜாக்கெட்டைக் கழித்துக் கட்டியாயிற்று. பைக்கு லோஷன் ஆர்டர் போட்டிருக்கிறேன். எப்படிப் போடுவது, எவ்வளவு, எப்போது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். உள் மடிப்பில் விழுந்த அந்தத் தண்ணீர் வளையம் போகுமா?

ஷூ_பித்தன்_பெங்களூரு
புதுப் பைக்கு இப்போதே போடாதீர்கள் என்பது என் கருத்து. டானரியில் (தோல் பதனிடும் ஆலையில்) ஏற்றின எண்ணெய் முழுசாக இருக்கும். சில மாதம் கையில் பிடித்து, வெளிச்சம் பட்டு, தானாகத் தேன் நிறத்துக்கு வரட்டும். அந்த நிற மாற்றத்துக்காகத்தானே வெஜ் டான் வாங்குகிறோம்.

மீனா_மணலி
மழையில் நனைந்தால்?

ஷூ_பித்தன்_பெங்களூரு
உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு, அச்சில்லாத காகிதத்தைக் கசக்கித் திணித்து (செய்தித்தாள் மை வெளிர்த்தோலில் இறங்கும்), ஃபேன் காற்றில் வையுங்கள். அயர்ன் பாக்ஸ், வெயில், அடுப்படி எதுவும் வேண்டாம். வெஜ் டான் நனைந்திருக்கும்போது சூட்டைத் தாங்காது, சுருங்கி மரக்கட்டை ஆகிவிடும். முழுக்கக் காய்ந்த பிறகு கொஞ்சம் விறைப்பாகத் தெரிந்தால் அதுதான் லோஷன் போட வேண்டிய நேரம்.

ஆம்பூர்_ஃபினிஷிங்
பித்தன் சொன்னதோடு சேர்த்து முறையையும் எழுதிவிடுகிறேன். பழைய பனியன் துணி, வெள்ளை நிறம். லோஷனைப் பையில் ஊற்றாதீர்கள், துணியில் எடுங்கள். அந்தத் துணியை உள்ளங்கையில் ஒருமுறை தேய்த்துப் பரப்பிக்கொண்டு பிறகு பையில் வையுங்கள். முதல் தொடுகை விழும் இடத்தில்தான் திட்டு வரும். ஒரு பக்கம் முழுவதையும் தையலில் இருந்து தையல் வரை நிறுத்தாமல் ஒரே மூச்சில் தேய்த்து முடிக்க வேண்டும். பாதியில் போன் வந்தால் எடுக்காதீர்கள், கோடு விழுந்துவிடும். முதலில் பையின் அடிப்பக்கம் போட்டு ஒரு இரவு விட்டுப் பாருங்கள். நிறம் பிடித்திருந்தால் மற்ற பக்கங்கள். காலையில் மிச்சம் இருந்தால் துடைத்துவிட்டு பிரஷ் போடுங்கள். கைப்பிடிக்குத் தேவையே இல்லை, உங்கள் கையின் எண்ணெயே அதற்கு அதிகம்.

அந்த வளையம் முழுசாகப் போகாது. பிழிந்த ஈரத்துணியால் அந்த மடிப்பு முழுவதையும் சீராக ஒத்தி எடுத்தால் விளிம்பு மங்கும். பிறகு பை கருக்கும்போது அதற்குள் கலந்துவிடும்.

எப்போது என்றால், நாள் குறித்து வைக்காதீர்கள். கைப்பிடி பையோடு சேரும் இடத்தை வளைத்துப் பாருங்கள். மடிப்பில் மெல்லிய வெளிர்க்கோடு வந்து, விட்டதும் மறையாமல் நின்றால் போடலாம். சென்னையில் அது வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. போடுவதாக இருந்தால் ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் போடாதீர்கள். தை பிறந்து காற்று காய்ந்த பிறகு போடுங்கள்.

தேங்காய்ச்சில்லு
செருப்புக்கும் தை வரை காத்திருக்கணுமா?

ஆம்பூர்_ஃபினிஷிங்
நீங்கள் எப்போது வேண்டுமானாலும் போடுங்கள் அண்ணே. திண்ணையில் மட்டும் கழற்றிவிடுங்கள், டைல்ஸில் வழுக்கும்.